நாடி விரைந்தால் நடையை நிறுத்தலாமா?

சென்ற வைகாசி மாதத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். நூல் இருப்பையும் துணி இருப்பையும் சரிபார்த்து, ரொக்கப் புத்தகத்தை மூடும் தருணத்தில், ஐம்பத்திரண்டு வயதுடைய அங்கத்தினர் ஒருவர் தயக்கத்துடன் அருகில் வந்தார். "ஐயா, சங்கத்துக் கணக்கைப் பார்த்துவிட்டீர்கள். என் நெஞ்சுக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும்" என்றார்.

அவருக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வந்து சோதிக்கும் பணியாளர், மாத்திரையோடு நடைப்பயிற்சியும் வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார். இவரும் வடலூர்ச் சாலையில் நடக்கத் தொடங்கினார். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் மூன்றாம் நாள் 146 என்று காட்டியது. அண்டை வீட்டார், "நிமிஷத்துக்கு எழுபது அடிக்க வேண்டியது இரண்டு பங்கு அடிக்கிறதே, இத்துடன் விட்டுவிடுங்கள்" என்றனர். அவரும் விட்டுவிட்டார். ஒரு மாதமாக நடையும் இல்லை; மனத்தில் நிம்மதியும் இல்லை.

நான் வைத்தியன் அல்லேன். எனினும், இதே அச்சத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அனுபவித்தவன். டாக்டரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் ஓரளவு தெளிந்தவன். இவ்வச்சத்தால் பயிற்சியைக் கைவிட்டவர் நம் சங்கங்களில் இன்னும் பலர் இருக்கக்கூடும். ஆதலின் அறிந்தவற்றை அங்கத்தினர்களின் முன் வைக்கிறேன்.

இருதயத்தின் வேலை

சிதம்பரத்தில் பொன்னம்பலத்தின் கூரையிலுள்ள 21,600 பொன்னோடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளைக் குறிக்கும் என்பது மரபு. நிமிஷத்திற்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால் அக்கணக்கு மிகச் சரியாக வரும். இருதயத்தின் கணக்கு இதனினும் பெரிது. நிமிஷத்திற்கு எழுபது துடிப்பு எனில், நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு என்பர்.

ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. ஆகவே, அமர்ந்திருக்கும்போது நிமிஷத்திற்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் உடலில் சுற்றுகிறது. வேகமாக நடக்கவோ ஓடவோ தொடங்கினால், கால் தசைகள் கூடுதலான பிராணவாயுவை வேண்டுகின்றன. பத்து லிட்டரோ பதினைந்து லிட்டரோ அனுப்ப வேண்டிய நிலை ஏற்படுகிறது. இருதயம் விரைவதன் காரணம் இதுவே. வேலை மிகுந்த நாளில் தறி ஓசை விரைந்து கேட்பதைப் போன்றது அது. உழைக்கும்போது நாடி விரையாமல் இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

புதியவருக்கு மட்டும் ஏன் அதிகமாக விரைகிறது? பம்புசெட் வருவதற்கு முன் கவலை இறைத்ததைக் கண்டவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சால் சிறிதானால் பல முறை இறைக்க வேண்டும்; பெரிதானால் சில முறை போதும்; வயலுக்குப் பாயும் நீர் ஒன்றே. பழகாத இருதயம் சிறிய சால். பதினைந்து லிட்டர் தேவைப்படும்போது, துடிப்புக்கு 100 மில்லி அனுப்பும் இருதயம் 150 முறை துடிக்கும். பழகி 120 மில்லி அனுப்பும் நிலையை அடைந்த இருதயம் 125 முறை துடித்தால் போதும். வாரக்கணக்கில் ஒழுங்காகப் பயின்றால் இந்தச் சால் பெரிதாகிறது. தசைகளும் வந்த பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிடக் கற்கின்றன. நீண்ட தூரம் ஓடிப் பழகியவர் சிலருக்கு ஓய்வில் நாற்பது துடிப்பே காணப்படுவதும் இக்காரணத்தால்தான்.

ஆகவே, முதல் வாரங்களில் காணும் மிகைத் துடிப்பு பெரும்பாலும் நோயின் அடையாளம் அன்று, பழக்கமின்மையின் அடையாளம். அதைக் குறைக்கும் வழி, நாம் அஞ்சி நிறுத்திவிடும் அந்தப் பயிற்சியேயாகும்.

எண்ணும் அதன் எல்லையும்

'220இலிருந்து வயதைக் கழி. வருவதே உன் இருதயத்தின் உச்ச வேகம்' என்ற கணக்கு உலகெங்கும் வழங்குகிறது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஃபாக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அது பரவியது. நாற்பது வயதினருக்கு 180 என்று வரும். அதில் பாதி முதல் நூற்றுக்கு எழுபது பங்கு வரை, அதாவது 90 முதல் 126 வரை, மிதமான பயிற்சி என்றும், எழுபது முதல் எண்பத்தைந்து பங்கு வரை, அதாவது 126 முதல் 153 வரை, கடுமையான பயிற்சி என்றும் கூறுவர்.

ஆயினும், இது பலருடைய சராசரியே அன்றித் தனி ஒருவருக்கு விதித்த வரம்பு அன்று. ஒரே வயதுடைய இருவரின் உச்ச வேகம் இருபது துடிப்பு வேறுபட்டாலும் இருவரும் நலமாகவே இருக்கக்கூடும். முதியோருக்கு இக்கணக்கு குறைத்தே காட்டுகிறது என்பதால், வயதின் பத்தில் ஏழு பங்கை 208இலிருந்து கழிக்கும் வேறொரு கணக்கு 2001இல் வெளியாயிற்று. அறுபது வயதினருக்குப் பழைய கணக்கு 160 என்கிறது. புதிய கணக்கு 166 என்கிறது. கணக்குகளே தம்முள் ஒத்துப்போகாதபோது, நாம் ஐந்து பத்துத் துடிப்புக்காக இரவெல்லாம் விழித்திருப்பது தகாது.

கைக்கடிகாரத்தையும் முற்றும் நம்புதல் கூடாது. அது மணிக்கட்டின் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. வார் தளர்ந்திருந்தாலும், வியர்வை மிகுந்தாலும், கை வேகமாக வீசினாலும் கணிப்புத் தவறும். கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரையில் நான் முதன்முதலாக ஓடிய நாளில் என் கடிகாரம் 168 என்று காட்டிற்று. திகைத்து நின்று விரல் வைத்து எண்ணினேன், 144தான் இருந்தது. ஓடும்போது நிமிஷத்திற்கு 160, 170 அடிகள் வைக்கிறோம். அக்கருவி என் நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ணியிருக்கிறது என்று பின்னர்த் தெரிந்தது.

விரலால் எண்ணும் முறை எளிது. கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மென்மையாக வையுங்கள். கட்டைவிரலால் தொட வேண்டாம். அதற்கே துடிப்பு உண்டு. நின்ற உடனே பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும்.

எண்ணவே விரும்பாதவர்களுக்கு வேறு ஓர் உரைகல் உண்டு. நடக்கையில் உடன் வருபவருடன் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் பயிற்சி மிதமானது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையானது. தொடக்கக்காரர் வேகத்தைத் தணிக்க வேண்டும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு நாடி எளிதில் உயராது. அவர்களுக்கு மேற்கூறிய எண்கள் பொருந்தா. இந்தப் பேச்சுச் சோதனையே பொருந்தும்.

நம் வட்டாரத்திற்குரிய காரணங்கள்

குறிஞ்சிப்பாடி அன்பரை நான் மேலும் விசாரித்தபோது, அவர் சங்கத்தில் துணியை ஒப்படைத்துவிட்டுக் காலை பத்து மணிக்கு மேல் நடந்தார் என்றும், அதுவரை தேநீர் தவிர ஒன்றும் அருந்தவில்லை என்றும் தெரிந்தது. காலமோ வைகாசி வெயில். வெப்பத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும். வியர்வையால் உடலின் நீரும் குறைகிறது. அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்தாலும், துடிப்பு பத்துக்கு மேலும் கூடுவதுண்டு. கடலோரக் காற்றின் ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை. ஆகவே கடலூரிலும் சிதம்பரத்திலும் இது மிகுதி. சூரியன் ஏறுமுன் நடப்பதும், புறப்படுமுன் தண்ணீர் அருந்துவதும் இதற்குப் பரிகாரம்.

கடற்கரை மணலில் நடப்பவர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். கால் புதையும் மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைவிட ஏறக்குறைய இருமடங்கு உழைப்பு வேண்டும். புதியவர்கள் முதலில் சாலையிலோ, அலை நனைத்த இறுகிய மணலிலோ நடப்பதே நன்று. சிதம்பரத்தார்க்கு நான்கு தேரோடும் வீதிகளும் விடியற்காலையில் நல்ல சமதளம்.

காய்ச்சல் கண்ட நாளிலும் தூக்கம் கெட்ட மறுநாளிலும் நாடி விரையும். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் அதை ஓய்விலேயே உயர்த்தும். வயல் வேலைக்குச் செல்லும் பெண்களிடையே இரத்தசோகை மிகுதியாதலின், சிறிது நடந்தாலே நெஞ்சு படபடக்கும் சகோதரிகள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

உண்மையில் எப்போது அஞ்ச வேண்டும்?

அச்சம் அனைத்தும் வீண் என்று நான் கூறவில்லை. நாடியின் எண்ணைவிட, அதனுடன் சேர்ந்து வரும் அறிகுறிகளே முக்கியமானவை. நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வலியோ தோன்றுதல், அது இடக் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல், மயக்கம், தாறுமாறான துடிப்பு, ஒன்றும் செய்யாதிருக்கையில் திடீரென விரைதல் ஆகியவற்றில் எது காணினும் உடனே நிறுத்தி அமர வேண்டும். சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் பெருஞ்சோர்வும் மட்டும் வரக்கூடும்.

அறிகுறி தணியாவிட்டால், "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108க்குத் தெரிவியுங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பின் முதல் நேரத்தில் தரவேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. இதை அறிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கும்.

பயிற்சி முடிந்தபின் துடிப்பு இறங்கும் விதமும் கவனிக்கத்தக்கது. வேகத்தைத் தணித்த முதல் நிமிஷத்தில் பன்னிரண்டு துடிப்புக்கு மேல் குறைவது நல்ல அறிகுறி என்று 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. அவ்வாறு குறையாதவரும், ஓய்விலேயே நூறுக்கு மேல் துடிப்பவரும் டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், முன்னரே இருதய நோய் ஆகியவை உள்ளவர்கள் கடும் பயிற்சிக்கு முன் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.

தறியில் உழைப்பது போதாதா?

"நாள் முழுதும் மிதிக்கிறோமே, இதற்கு மேல் பயிற்சி எதற்கு?" என்று நெசவாளர் கேட்பது இயல்பே. 1953இல் லண்டன் நகரில் டாக்டர் மோரிஸ் என்பவர் மாடிப் பஸ் ஊழியரை ஆராய்ந்தார். நாளெல்லாம் அமர்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே காணப்பட்டது. இருவரும் உழைப்பாளிகளே, ஒருவர் அமர்ந்து உழைத்தார், மற்றவர் நடந்து உழைத்தார். குழித்தறியில் கை நாடாவை ஓட்டினும் கால் மிதியை மிதிப்பினும், உடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்தபின் விவசாயியின் நடையும் முன்போல் இல்லை. ஆய்வாளனாகிய என் நிலையோ நாற்காலியும் மோட்டார் சைக்கிளும்தான்!

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. இதை முதல் வாரத்திலேயே எட்ட முயல்வதுதான் பலர் செய்யும் பிழை. முதல் இரண்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள், பத்து நிமிஷம் மட்டும் பேசிக்கொண்டே நடங்கள். பின்னர் வாரந்தோறும் ஐந்து நிமிஷம் கூட்டினால், ஆறாம் வாரத்தில் முப்பது நிமிஷம் வந்துவிடும். தொடக்கத்தில் ஐந்து நிமிஷமும் முடிவில் ஐந்து நிமிஷமும் மெதுவாக நடப்பது வழக்கமாக வேண்டும். திடீரென நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கூலியில் ரூபாய்க்குச் சில காசு பிடித்துச் சேமிப்பு நிதி வளர்வதுபோல, உடலின் வலிமையும் தவணை தவணையாகவே சேரும்.

தமிழக அரசு 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்ற திட்டத்தைத் தொடங்கியது. எட்டும் நடக்க முடியாதவர் ஒன்றில் தொடங்கலாம். தனியே நடப்பதைவிட இருவர் மூவராக நடப்பது சிறந்தது. பேச்சுச் சோதனைக்கும் துணை, ஆபத்துக்கும் துணை. சங்கந்தோறும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்தால் அங்கத்தினர் யாவரும் பயன்பெறுவர். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பரிசீலிக்கலாம்.

குறிஞ்சிப்பாடி அன்பர் என் சொல்லை மட்டும் நம்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று இருதய மின்பதிவு எடுத்துக்கொண்டார். அதுவே முறை. குறையொன்றும் இல்லை என்று டாக்டர் கூறியபின், விடியற்காலையில், பத்து நிமிஷத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். ஆவணியில் மறுபடி அச்சங்கத்திற்குச் சென்றபோது, "அதே சாலை, அதே தூரம், இப்போது 118தான் ஐயா" என்று தாமே விரல் வைத்து எண்ணிய கணக்கைச் சொன்னார். பிறகு, அன்றைய நூல் இருப்புப் பதிவேட்டை என் முன் விரித்து வைத்தார்.