சிறுநீர் வேகத்தை அளக்கும் யூரோப்ளோமீட்டர்

கம்ப்யூட்டருடன் இணைக்கும் சாதனம் என்றால் பிரிண்டர், ஸ்கேனர்தான் நம் நினைவுக்கு வரும். மருத்துவமனையில் உள்ள யூரோப்ளோமீட்டரும் அப்படிப்பட்ட ஒரு சாதனம்தான். புரோஸ்டேட் சுரப்பி வீங்கியவர்களுக்குச் சிறுநீர் மெல்லிய தாரையாக வரும். அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை எண்ணாகத் தருவதே இதன் வேலை. டிரேக் என்ற மருத்துவர் 1948-லேயே இத்தகைய கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எப்படி வேலை செய்கிறது?

புனல், அதன் கீழே பாத்திரம், பாத்திரத்தின் அடியில் லோட் செல். கடையில் உள்ள எலக்ட்ரானிக் தராசிலும் இதே லோட் செல்தான். ஒரு மி.லி. சிறுநீரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். எனவே ஒரு விநாடியில் 8 கிராம் கூடினால் வேகம் விநாடிக்கு 8 மி.லி. இந்தக் கணக்கைப் போட்டு கிராப் வரைவது சாப்ட்வேர்.

ஆண்களுக்கு உச்ச வேகம் பொதுவாக 15 மி.லி.க்கு மேல் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் அடைப்போ, சிறுநீர்ப்பைத் தசையில் பலவீனமோ இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய வேறு பரிசோதனை வேண்டும்.

சிக்கல் எங்கே?

பாத்திரத்தில் கால் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த விநாடியில் 12 கிராம் கூடுதலாகக் காட்டும். உண்மையான வேகம் 8. கருவி சொல்வது 20! அடைப்பு உள்ளவரை ஆரோக்கியமானவர் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. அடுத்த விநாடியில் எடை பழைய நிலைக்குத் திரும்பும்போது வேகம் மைனஸ் 4 என்று வரும். இரண்டுக்கும் சராசரி எடுங்கள்: 16-ஐ 2-ஆல் வகுத்தால் 8. உண்மை வெளியே வந்துவிட்டது. எக்ஸெலில் உள்ள ஆவரேஜ் பார்முலாவைக் கொண்டு நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். சர்வதேச கான்டினன்ஸ் சொசைட்டி 2002-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படி 2 விநாடி சராசரி எடுக்கவே சொல்கிறது.

வீட்டிலேயே அளக்கலாமா?

மருத்துவமனையில் பலருக்குக் கூச்சத்தால் இயல்பாக வராது. 150 மி.லி.க்குக் குறைவாகப் போனால் அந்த அளவை நம்பவும் முடியாது. வீட்டில் பலமுறை அளக்கும் கருவி இந்தக் குறையைப் போக்கும். ஆனால் வீட்டில் பாத்திரம் இடிபடுவதைக் கவனிக்க நர்ஸ் இருக்க மாட்டார். எனவே அங்கே நல்ல சென்சாரைவிட நல்ல சாப்ட்வேர்தான் முக்கியம்.

யூரோப்ளோ ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கிராப் மணி வடிவில் ஏறி இறங்க வேண்டும். நடுவே ஊசி போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால், அது என்ன என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.