பிள்ளை பெறவும் ஒரு பாடமா?

"ஏனுங்க அத்தை, சேலத்துல கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்தறாங்களாம். காசு கொடுத்துப் போகணுமாங்க?" என்று கேட்டாள் ராசிபுரத்திலிருந்து வந்த என் நாத்தனார் மகள். அவளுக்கு ஆறாம் மாதம்.

என் தலைப்பிரசவம் நினைவுக்கு வந்தது. எட்டாம் மாதம் முகமும் கையும் வீங்கி, மண்டையைப் பிளக்கும் தலைவலி. "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்" என்றார்கள். சுக்குப் பற்றுப் போட்டு இரண்டு நாள் படுத்திருந்தேன். கண் மங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. ரத்தக் கொதிப்பு எகிறியிருந்தது. நானும் மகளும் பிழைத்தது தெய்வாதீனம்!

ஆகவே சகோதரிகளே, பாடம் அவசியம்தான். ஆனால் காசைக் கொட்ட வேண்டாம். 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி, நான்கு மாதம் கடந்த கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இலவசப் பரிசோதனை உண்டு. ரத்தக் கொதிப்பு, ரத்தசோகை, சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். சந்தேகங்களை அங்கேயே கேளுங்கள். வசதியிருந்து பண வகுப்புக்குப் போனால், டாக்டரோ நர்ஸோ சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.

மூச்சுப் பயிற்சி நல்லதே. அதைவிட முக்கியம், ஆபத்து அறிகுறிகள்: உதிரப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, கடும் தலைவலி, முகவீக்கம், கண் மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல். ஒன்று கண்டாலும் விடியட்டும் என்றிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கணவரையும் மாமியாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். "சகஜம்" என்று சொல்லும் வீட்டாரும் இந்தப் பாடத்தைக் கேட்க வேண்டுமே!