தோட்டத்து அடுப்படி – 9: உலையில் எந்த அரிசி?

சென்ற வாரம் கருவாட்டைப் பற்றிப் பேசினோம். அந்தக் கருவாட்டுக் குழம்பை எந்தச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார்கள் என்பதை இந்த வாரம் பார்க்க வேண்டும். கெமாஸ் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் இன்று பொதுவாக இரண்டு அரிசி இருக்கும். தினசரிச் சோற்றுக்குச் சயாம் வாசனை அரிசியோ உள்ளூர் வெள்ளை அரிசியோ பத்துக் கிலோ மூட்டையாக இருக்கும். இட்லி, தோசை மாவுக்கென்று புழுங்கல் அரிசி சின்னப் பொட்டலமாக அலமாரி மூலையில் கிடக்கும். ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. அங்கே சோறு என்றாலே புழுங்கல் அரிசிதான். பொங்கலுக்கும் படையலுக்கும்தான் பச்சரிசி. இந்த மாற்றத்தை நாக்கு ருசி மாறிவிட்டது என்ற அளவில் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். விஷயம் அவ்வளவு சின்னதல்ல என்பது என் வாதம். நம் முன்னோர் புழுங்கல் அரிசியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவர்கள் உயிரைக் காத்த பழக்கம். அதற்கான முக்கியச் சாட்சி இதே நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே பதிவாகியிருக்கிறது.

பெரிபெரி என்ற நோயை இன்றைய பிள்ளைகள் பாடப்புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் மருத்துவமனைகளை நிரப்பிய நோய் அது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பில் நீர் கோத்து வீங்கும். முற்றினால் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இது கிருமியால் வருகிறதா, ஈர மண்ணால் வருகிறதா, நெருக்கியடித்த குடிசைகளால் வருகிறதா என்று மருத்துவர்கள் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் நோயாளியின் இருப்பிடத்தை விட்டுவிட்டு அவன் தட்டைப் பார்த்தார். ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே மாதிரிக் கொட்டகையில் இருந்தாலும் தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. கிராமத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அன்றன்றைக்கு உரலில் குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் அவித்துக் காயவைத்த நெல்லின் அரிசியைச் சாப்பிட்டார்கள். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் பளபளவென்று தீட்டி, மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த சயாம் வெள்ளை அரிசி. நோய் அரிசியில் இருக்கிறது என்று பிராடன் 1907இல் புத்தகமே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் விரல் நீட்டிய இடம் சரியானது.

அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இரண்டு தரப்பினர். 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்து, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்காரர்களை மறுபக்கமும் பிரித்தார். ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல். கட்டடத்தில்தான் குற்றமோ என்ற சந்தேகம் வராமலிருக்க, நடுவில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றிப் போட்டார். வெள்ளை அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் அந்த நோயால் சாவே இல்லை. அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் ஜெலுபு மாவட்டத்தில் டுரியான் தீப்புஸ் காட்டுக்குள் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவா கூலியாட்களை இரண்டு பிரிவாக்கினார்கள். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களிடம் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. புழுங்கல் சாப்பிட்டவர்களிடம் காட்டவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பக்கம் மாறியது. மறுத்துப் பேச வாய்ப்பில்லாத மனிதர்களின் உடம்பில் நடத்திய சோதனைகள் இவை. அவர்கள் பெயர்கள் எந்த நூலிலும் கொண்டாடப்படவில்லை என்பதை இங்கே சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். உலகம் பின்னால் ‘வைட்டமின்’ என்று அழைக்கப்போகும் பொருளுக்கான தேடலில், ஜாவாவில் எய்க்மன் கோழிகளை வைத்துக் கண்டதோடு நெகிரி செம்பிலானில் மனிதர்களிடம் கண்டதும் சேர்ந்துதான் வழக்கை முடித்தது. 1926இல் ஜாவாவிலேயே அரிசித் தவிட்டிலிருந்து பி1 சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் இந்தச் சத்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே தங்குகிறது. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளி புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுத்தானா என்ன? ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததைத் தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்தது, அவன் வாங்கித் தின்றான். இதில் பழக்கத்தின் பெருமை எங்கே என்று கேட்பார்கள். பாதி உண்மை. கடைசி மணி வரை தோட்டத்துக் கணக்கில்தான் அவன் அரிசி வாங்கினான். 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு நாள்கூலி என்று நிர்ணயித்தபோதும், தொழிலாளியின் மாதச் செலவுப் பட்டியலில் முதலில் நின்றது அரிசிதான். ஆனால், சயாம் வெள்ளை அரிசியும் மலாயாவில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதை விட்டுவிட்டு ரங்கூன் புழுங்கலை நிர்வாகம் இறக்கியதற்குக் காரணம், தமிழன் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவான் என்று துரைமாருக்கும் கிராணிமாருக்கும் தெரிந்திருந்ததுதான். பி1 என்ற பெயர் தெரியாமல் சாப்பிட்டவர்களுக்கு அறிவு என்ற பட்டம் கொடுக்கலாமா என்று இன்னொரு கேள்வி வரும். அவர்களிடம் அவர்களுடைய காரணங்கள் இருந்தன. அவித்த நெல் குத்தும்போது குருணையாக உடையாது. அரிசியில் பூச்சி எளிதில் விழாது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் குழையாமல் மணிமணியாக இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய் நிற்கிறவர்களுக்கு நீராகாரமும் பழைய சோறும்தான் பசியாறல். பச்சரிசிச் சோறு அப்படி ஊறினால் கூழாகிவிடும். அடுப்படியில் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து எடுத்த முடிவுகள் இவை.

இந்தப் பழக்கத்தின் மதிப்பு அது அறுந்தபோது தெரிந்தது. 1942 ஜனவரி 14 அன்று கெமாஸுக்குப் பக்கத்தில் கெமெஞ்சே பாலத்தில் ஜப்பானியரை ஆஸ்திரேலியப் படை மறித்து அடித்தது. மாதம் முடிவதற்குள் தீபகற்பம் முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி வருவது தேய்ந்து, தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கில் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து ஏற்றிப்போனார்கள். கெமாஸில் தொடங்கித் தும்பாட் வரை போகும் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைக்கூடப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். அந்த முகாம்களில் கிடைத்த சோறு தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, அதுவும் அரை வயிற்றுக்கு. காலராவும் மலேரியாவும் கொன்றது போக, மலாயாவில் தமிழனை அதிகம் தொடாதிருந்த பெரிபெரி அங்கே தமிழனையும் பிடித்தது.

சரி, யுத்தம் முடிந்தது. அரிசி திரும்பவும் வந்தது. அப்புறம் ஏன் கைவிட்டோம்? ரப்பர் வெட்டிய இடத்தில் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன்கள் காலியாகி, குடும்பங்கள் கெமாஸ் பட்டணத்துக்கும் தம்பினுக்கும் சிகாமட்டுக்கும் குடிபெயர்ந்தபோது, கடைக்காரர் எந்த அரிசி வைத்திருந்தாரோ அதுவே வீட்டு அரிசியாயிற்று. பளீரென்ற வெள்ளைச் சோறு வசதிக்கு அடையாளம், தடித்த புழுங்கல் சோறு தோட்டத்தான் சோறு என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. இவற்றோடு மின்சார அரிசிக் குக்கரையும் சொல்ல வேண்டும். புழுங்கல் சோற்றின் பக்குவம் வேறு. அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவிடுவார்கள். உலை கொதித்த பிறகுதான் அரிசியைப் போடுவார்கள். நடுநடுவே ஒரு பருக்கையை அகப்பையில் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கி, உள்ளே வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புள்ளி மறைந்ததும் மூடியைத் துணியால் பிடித்துப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பார்கள். வடித்த கஞ்சியைக் கொட்டுவதில்லை. உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிடுவார்கள். தண்ணீரில் கரைந்து வெளியேறிய சத்தும் இப்படி வயிற்றுக்கே திரும்பி வந்தது. வேலைக்கு ஓடும் கணவனும் மனைவியும் இத்தனை நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பது நியாயம்தான். அதற்காகப் புழுங்கலை விட வேண்டியதில்லை. ஊறவைத்துத் தண்ணீரைச் சற்றுக் கூட்டி வைத்தால் குக்கரிலேயே வேகும்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இன்று பெரிபெரி எங்கே? முட்டை, இறைச்சி, பயறு, ரொட்டி என்று பல வழிகளில் பி1 உள்ளே போகிறது; ஒழிந்த நோய்க்கு மருந்தைச் சுமப்பானேன் என்று கேட்கலாம். பெரிபெரிக்காக யாரும் இன்று புழுங்கல் சாப்பிட வேண்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். நம்மைப் பிடித்திருக்கும் நோய் வேறு. 2019இன் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்கு மேல். புழுங்கல் அரிசி பொதுவாக இரத்தச் சர்க்கரையைச் சற்று நிதானமாக ஏற்றுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன; ஆனால் அது அரிசி ரகத்தையும் அவித்த விதத்தையும் பொறுத்தது. புழுங்கல் என்பதற்காக மூன்று அகப்பை சோறு போட்டுக்கொண்டால் ஒரு நன்மையும் இல்லை. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, நாளுக்கு நாலு கிளாஸ் இனிப்புத் தேநீர் எல்லாம் இந்த நோயில் பங்காளிகள். ஆகவே புழுங்கல் நீரிழிவுக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: தினமும் இரண்டு வேளை தட்டில் விழும் பொருளை நிறத்தையும் மணத்தையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். நூறு ஆண்டுக்கு முன் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களும் பார்த்தது அந்த நிறத்தைத்தான்.

விலை, வரத்து என்ற சிக்கலும் நிஜம். மலேசியாவில் அரிசி இறக்குமதி பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது, ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்குத் தாவியது. 2024இல் அந்தத் தடையும் வரியும் நீங்கின. உள்ளூர் வெள்ளை அரிசி கிலோ 2 ரிங்கிட் 60 காசுக் கட்டுப்பாட்டு விலையில் கிடைக்கும்போது இறக்குமதிப் புழுங்கலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது. அவர்களிடம் போய் மாறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் “வெள்ளைச் சோறா, புழுங்கலா?” என்று கேட்கும்போது, காசு கொடுத்துப் புழுங்கல் கேட்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குத்தான் இந்த வேண்டுகோள். அடுத்த மாதச் சாமான் வாங்கும்போது மாவுக்கு வாங்கும் புழுங்கலோடு சோற்றுக்கும் இரண்டு கிலோ சேர்த்து வாங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் அதில் சமையுங்கள். வீட்டில் தோட்டத்துப் பாட்டி யாராவது இருந்தால், எவ்வளவு தண்ணீர், எப்போது வடிப்பது என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: லயன் வாசல் முருங்கை)