எல்.ஈ.டி. விளக்குகளின் குறைபாடுகள்

எல்.ஈ.டி. விளக்கு என்பது ஒளி உமிழ் இருமுனையம் எனும் குறைகடத்திக் கருவியின் மூலம் ஒளி தரும் மின்விளக்கு ஆகும். 60 வாட்டு இழைவிளக்கின் ஒளியை இது ஏறத்தாழ 9 வாட்டில் தந்துவிடும். 2015 சனவரியில் இந்திய அரசு தொடங்கி, பின்னர் உஜாலா எனப் பெயர் பெற்ற திட்டத்தின் வழியாக இவ்விளக்குகள் வீடுகளில் பரவலாயின. மின்சேமிப்பு மறுக்க இயலாதது. எனினும் தாம்பரத்தை உள்ளடக்கிய சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளின் வெப்பமும் கடற்கரையும் இதன் வரம்புகளைத் தெளிவாகக் காட்டுகின்றன.

வெப்பமும் ஆயுளும்

எல்.ஈ.டி. சூடாவதில்லை என்பது பரவலான தவறான கருத்து. இழைவிளக்கு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.ஈ.டி.யில் வெப்பம் சில்லிலேயே தோன்றி, விளக்கின் உடல் வழியாகக் காற்றை அடைய வேண்டும். மீனம்பாக்கத்தில் வெப்பநிலை 40 °செ.ஐத் தாண்டும் கோடை நாட்களில், மொட்டைமாடியின் கீழுள்ள பொய்க்கூரையில் பதித்த விளக்கைச் சுற்றியுள்ள காற்று மேலும் சூடாக இருக்கும்.

பெரும்பாலும் முதலில் பழுதாவது இருமுனையம் அன்று. 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை அதற்கேற்ப மாற்றித்தரும் மின்சுற்றே. மின்பணியாளர்கள் இதனை ‘டிரைவர்’ என்பர். இதிலுள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 °செ. உயருந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் வழங்கும் நடைமுறை விதி. பெட்டியில் அச்சிடப்படும் 25,000 மணி நேரம் என்பது, பொதுவாக ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் வரையிலான காலமே. டிரைவர் அதற்கு முன்பே செயலிழக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலால் மின்தடங்களில் எழும் மிகை மின்னழுத்தமும் இதனைத் தாக்கும்.

பல குமிழ்களில் இருமுனையங்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றில் இணைப்பு அறுந்தாலும் அத்தொடர் முழுவதும் அணையும். பழைய குழல்விளக்கில் சோக்கையோ ஸ்டார்ட்டரையோ மட்டும் மாற்றினால் போதும். இங்கோ முழு விளக்கும் மின்னணுக் கழிவாகிறது. தரமற்ற டிரைவர் எனில் ஒளி நொடிக்கு 100 முறை நடுங்கும். கண் அதனை நேரடியாக உணராவிடினும் சிலருக்குத் தலைவலி உண்டாகலாம். கைப்பேசிப் படக்கருவியில் இந்நடுக்கம் பட்டைகளாகத் தெரிவதுண்டு.

நீல ஒளியும் கடலாமைகளும்

வெள்ளை எல்.ஈ.டி. உண்மையில் ஒரு நீல எல்.ஈ.டி. ஆகும். ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீள நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் ஒளிர்பொருள் பூச்சு மாற்றுவதாலேயே வெண்மை தோன்றுகிறது. ஆகவே பழைய சோடியம் ஆவி விளக்கைவிடக் குளிர்வெள்ளைத் தெருவிளக்கில் நீலப் பங்கு அதிகம். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தெருவிளக்குகளின் நிற வெப்பநிலை 3000 கெல்வினை மிகாதிருக்கப் பரிந்துரைத்தது.

தாம்பரத்துக்குக் கிழக்கே, வங்கக் கடலோரத்தில் உள்ள நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான மணற்பரப்பில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த தொடுவானை நோக்கி நகரும். இயற்கையில் அது கடலின் பக்கம். கரையில் விளக்குகள் எரியும்போது அவை சாலையை நோக்கித் திரும்பி, நாய்களுக்கும் வாகனங்களுக்கும் இரையாகின்றன. குஞ்சுகளை மிகவும் ஈர்ப்பது குறுகிய அலைநீள ஒளியே. சோடியம் விளக்கும் தீங்கற்றது அன்று. ஆனால் வெள்ளை எல்.ஈ.டி. அதனினும் கேடானது. 1988இல் தொடங்கப்பட்ட மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இக்கரையில் இரவுதோறும் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காப்பதற்கு இவ்விளக்குகளும் ஒரு காரணம்.

நீலம் நீக்கிய செம்மஞ்சள் எல்.ஈ.டி. விளக்குகளும் உள்ளன. இவற்றின் ஒளித்திறன் வெள்ளை விளக்கைவிடக் குறைவு என்பதால், அதே அளவு வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்சாரம் செலவாகும்.