பழைய கடிகாரத்தின் முகம்

தந்தையோ பாட்டனாரோ அணிந்திருந்த கைக்கடிகாரம் ஒன்று, அலமாரியின் மூலையில் கைக்குட்டைக்குள் சுற்றப்பட்டுக் கிடக்கும் இல்லங்கள் பல. நம் நாட்டில் அது பெரும்பாலும் எச்.எம்.டி.யாக இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது, எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது. அத்தகைய கடிகாரத்தைத் துடைத்து மீண்டும் அணிய விழைவது பாராட்டத்தக்கதே. ஆயினும், துடைக்கும் ஆர்வத்தில் அதன் முகத்தையே அழித்துவிடுவோரும் உளர்.

கடிகார முகப்பு என்பது பெரும்பாலும் மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் வெள்ளி முலாமோ வண்ணமோ பூசி, எண்களையும் பெயரையும் அச்சிட்டு, வார்னிஷ் பூசிக் காத்திருப்பர். ஆண்டுகள் செல்லச்செல்ல ஒளியாலும் ஈரத்தாலும் அந்த வார்னிஷே பழுப்பேறுகிறது. அது மேலே படிந்த அழுக்கன்று. ஆதலால் துடைத்தால் போவதும் அன்று. தேய்க்கத் தேய்க்க எண்களும் எழுத்துகளும் துணியோடு வந்துவிடும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் பழக்கத்தில் முகப்பையும் துலக்க முற்பட்டால், ஒரு நிமிடத்தில் வெறும் தகடே எஞ்சும். ஸ்பிரிட்டும் எலுமிச்சைச் சாறும் இவ்வகையில் கொடியவை.

முதலில் ஐயுற வேண்டியது முகப்பையன்று, மேலுள்ள கண்ணாடியை. பல வேளைகளில் மங்கியிருப்பது அதுவே. பழைய கடிகாரங்கள் பலவற்றில் அது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. துளி பற்பசையை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, வட்டமாகப் பொறுமையோடு தேய்த்தால் மேலோட்டமான கீறல்கள் மறையும். பின்னர்ச் சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழாய் நீரில் காட்டலாகாது. கண்ணாடி தெளிந்ததும், பழுப்பேறிய முகப்பே அழகாகத் தோன்றுவதைக் காண்பீர்கள்!

கடிகாரத்தைத் திறந்தே ஆக வேண்டுமெனில், முட்களைக் கழற்றுவதைப் பழகிய கைகளுக்கு விடுவது நன்று. வெளிப்பட்ட முகப்பின்மேல் ரப்பர்க் குமிழால் காற்றூதி, மிக மென்மையான தூரிகையால் தூசியை அகற்றலாம். அதற்குமேல் செல்ல வேண்டியதில்லை. செம்புத் தகட்டின்மேல் எனாமலைச் சுட்டு உருவாக்கிய பழைய பைக்கடிகார முகப்புகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை ஈரத்துணியால் துடைக்கலாம், வெடிப்பு இல்லாவிடில்.

இனி, உயிரைப் பற்றிய செய்தி. 1960களுக்கு முற்பட்ட கடிகாரங்கள் பலவற்றில், குறிப்பாக உலகப்போர்க் காலத்துப் படைவீரர் கடிகாரங்களில், இருளில் ஒளிரும்பொருட்டு எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் இவ்வேலை செய்த இளம் பெண்கள், தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து வைத்துத் தீட்டினர். அப்படிச் செய்யுமாறே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. பின்னர்த் தாடை எலும்புகள் அழுகி அவர்களுள் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இன்று அக்கடிகாரங்கள் இருளில் ஒளிர்வதில்லை. ஆகவே நஞ்சும் தீர்ந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. தீர்ந்தது ஒளிரும் துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். மூடிய கடிகாரத்தில் வண்ணத்துகள் வெளிவருவதில்லை. திறந்து சுரண்டினாலோ அத்துகள் மூச்சிலும் உணவிலும் கலந்துவிடும். உடலுள் சென்ற ரேடியம் எலும்பில் தங்கும். ஆதலால், எண்களின்மேல் தடித்துப் பழுப்பேறிய பழைய வண்ணத்தைக் கண்டால் கடிகாரத்தைத் திறவாதீர்கள். தூரிகையும் வேண்டா, காற்றூதலும் வேண்டா. குழந்தைகள் கைக்கு எட்டாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுப்பதாயின், திறப்பதற்கு முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.