நாற்காலியும் இலாகாவும்

பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வே சுற்றுவட்டாரத் தமிழர்களுக்கு ஸ்ரீ செத்தியாதான் சட்டமன்றத் தொகுதி. 2008 முதல் நிக் நஸ்மி, ஷாருடின் படாருடின், ஹலிமி அபு பாக்கார், ஃபாஹ்மி ஙா என்று மலாய்க்கார வேட்பாளர்களே அங்கு வென்று வந்திருக்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. மலேசியா முழுவதிலும் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. எங்கே நின்றாலும் இந்திய வேட்பாளர் சீனர், மலாய்க்காரர் வாக்குகளால்தான் கரையேற முடியும். அதனால் சுங்கை வேயில் கோயில் நிலத்துக்கோ தமிழ்ப்பள்ளி மாணவரின் பேருந்துக் கட்டணத்துக்கோ அலைகிறவர், தன் வாக்கைப் பெற்றவரைத் தாண்டி ஷா ஆலமில் சிலாங்கூர் மாநில ஆட்சிக்குழுவில் இருக்கும் இந்தியரைத் தேடிப் போகிறார். மாநில அரசின் தலைவரான மந்திரி புசாரையும் பத்து உறுப்பினர்களையும் கொண்ட அந்தக் குழுவில், வழக்கமாக இந்தியருக்குக் கிடைப்பது ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் யார் உட்கார்கிறார் என்று நாம் பார்க்கிறோம். அவர் கையில் எந்த இலாகா இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இரண்டாவதுதான் முதன்மையான கேள்வி என்பது என் வாதம்.

வீ. கணபதிராவின் அரசியல் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. வழக்கறிஞரான அவர், இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃப் 2007 நவம்பர் 25இல் நடத்திய பேரணிக்குப் பின், டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிக் காமுண்டிங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட ஐவரில் ஒருவர். 2009 ஏப்ரலில் விடுதலையானார். உடன் அடைபட்டிருந்த மனோகரன் சிறையில் இருந்தபடியே 2008இல் வென்ற கோத்தா ஆலம் ஷா தொகுதியில், 2013இல் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) வேட்பாளராக நின்று வென்றார். ஆட்சிக்குழுவிலும் இடம் கிடைத்தது. ஓராண்டு கழிந்ததும், 2014 ஆகஸ்டில், மந்திரி புசார் காலிட் இப்ராஹிம் தம் கட்சியான பிகேஆரோடு முட்டிக்கொண்டபோது ஜசெக, பிகேஆர் உறுப்பினர்களைக் குழுவிலிருந்து நீக்கினார். கணபதிராவின் பதவியும் போனது. அடுத்த மாதம் அஸ்மின் அலி பொறுப்பேற்றபின் திரும்பக் கிடைத்தது. இந்தியர் பிரச்சினை எதுவும் அந்த மோதலுக்குக் காரணமில்லை, ஆனாலும் இந்தியரின் ஒரே நாற்காலி சில வாரம் காலியாகக் கிடந்தது. 2018இல் கோத்தா கெமுனிங்குக்கு மாறி வென்றார். 2022 நவம்பரில் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் சகோதரர் பாப்பாராய்டு 2023இல் பந்திங் தொகுதியில் வென்று, அதே ஆட்சிக்குழுவுக்குள் வந்தார்.

இப்போது இலாகாக்களைப் பாருங்கள். 2008இல் முதல் மக்கள் கூட்டணி அரசில் சேவியர் ஜெயகுமாருக்குக் கிடைத்தவை சுகாதாரம், தோட்டத் தொழிலாளர், வறுமை, பரிவுமிக்க அரசு. 2018இல் கணபதிராவுக்குச் சமூகப் பொருளாதார மேம்பாடும் பரிவுமிக்க அரசும். 2023இல் பாப்பாராய்டுக்கு மனிதவளமும் வறுமை ஒழிப்பும். பெயர்ப்பலகை மாறுகிறது, அறை மாறுவதில்லை. பதினைந்து ஆண்டுகளாக இந்தியர் என்றால் வறுமை இலாகா என்பது எழுதப்படாத ஏற்பாடு. இலாகா சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மைதான். சிறுதொழில் செய்வோருக்கு ரொக்கத்துக்குப் பதிலாகத் தொழில் கருவிகளையே வாங்கித்தரும் ஐ-சீட் திட்டம், தமிழ்ப்பள்ளிகளுக்கான மாநில மானியம், மாணவருக்கான பேருந்து உதவி எல்லாம் இந்த அறையிலிருந்தே வந்தன. கல்வி கூட்டரசின் அதிகாரம். தமிழ்ப்பள்ளிக்கு மாநிலம் பணம் தருவது கடமைக்கு அப்பாற்பட்ட செயல் என்றே சொல்லலாம்.

ஆனால் மாநில அரசிடம் உண்மையில் குவிந்திருக்கும் அதிகாரம் வேறு. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். கிள்ளான் பள்ளத்தாக்கு இந்தியரின் தீராத வழக்குகளில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் ஒரு மரத்தடியில் தொடங்கிய அம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் விற்கப்பட்டு, நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் பெயருக்குப் போனதும் கோயில் ‘அத்துமீறிய கட்டடம்’ ஆகிவிடுகிறது. நிர்வாகக் குழு மாற்று நிலம் கேட்டு மாவட்ட நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறது. கோப்பு அங்கிருந்து நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவுக்கும், வடிகால் துறைக்கும், சாலைத் துறைக்கும் கருத்துக் கேட்டுப் போகிறது. ஒரு துறை ‘இது சாலைக்கு ஒதுக்கிய இடம்’ என்று எழுதிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. எல்லாம் சரியானால் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஒப்புதல், அதன்பின் பிரிமியம் கட்டணம், கடைசியில் பட்டா. வறுமை இலாகாவை வைத்திருப்பவர் இந்தப் பாதையில் கடிதம் எழுதலாம், தொலைபேசியில் கேட்கலாம், கூட்டத்தில் பேசலாம். கோப்பை நகர்த்தும் அதிகாரிகள் அவருக்குக் கீழே இல்லை.

இந்த இடைவெளியின் விலை பலமுறை தெரிந்திருக்கிறது. 2009 ஆகஸ்டில் ஷா ஆலமில் செக்‌ஷன் 19 கோயிலை செக்‌ஷன் 23க்கு மாற்றும் முடிவை எதிர்த்துச் சிலர் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனார்கள். 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீஃபீல்ட் கோயில் நிலத் தகராறு கலவரமாகி, அதில் காயமுற்ற தீயணைப்பு வீரர் முகமட் அடிப் அடுத்த மாதம் உயிரிழந்தார். இரண்டும் சமயப் பூசலாகவே செய்தியாயின. இரண்டின் வேரும் ஒரு துண்டு நிலம். வீட்டுக் கதையும் அப்படித்தான்: பெஸ்தாரி ஜெயா பகுதியின் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது, உதவித்தொகை இல்லாததால் அல்ல, நிலம் இல்லாததால்.

ஏழை இந்தியர் அதிகம், அவர்களுக்கு இந்தியரே வறுமை இலாகாவைக் கவனிப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். தவறில்லை, ஆனால் அந்த வறுமை எங்கிருந்து வந்தது? தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது வீடும், கோயிலும், மாட்டுக் கொட்டகையும், வேலையும் ஒரே நாளில் போயின. தையல் இயந்திரம் தரும் அரசு, அதை வைக்க ஒரு நிலையான இடத்துக்கும் வழி சொல்ல வேண்டும். மந்திரி புசாரிடம் நில இலாகா இருக்கும், அதை யாரும் கேட்டு வாங்க முடியாது என்று இன்னொரு பதில் வரும். இருக்கட்டும். ஊராட்சி இலாகா அப்படியில்லை. 2008இல் ரோனி லியூ, 2018இல் இங் ஸீ ஹான், 2023இல் இங் சுவீ லிம் அதைப் பெற்றார்கள். மூவரும் ஜசெக, கணபதிராவ் சகோதரர்களின் அதே கட்சி. ஆகவே தடை அரண்மனையிலோ அரசமைப்பிலோ இல்லை. எந்தக் கையில் எதைக் கொடுப்பது என்று கட்சிக்குள் பேசும்போதே இது முடிவாகிவிடுகிறது. பினாங்கில் இதே கட்சி வேறு மாதிரி நடந்திருக்கிறது: ஜக்தீப் சிங் டியோ, அவருக்குப் பின் சுந்தரராஜு என்று வீடமைப்பு இலாகாவை இந்தியரிடம் ஒப்படைத்தது. அங்கே 2008 முதல் 2023 வரை பி. இராமசாமி இரண்டாம் துணை முதல்வராகவும் இருந்தார். அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை?

இனவாரியாக நாற்காலி கேட்பதே பழைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) பாணி என்பவர்களின் எதிர்ப்புதான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. மக்கள் கூட்டணிக்கு முந்தைய பாரிசான் ஆட்சியிலும் ஆட்சிக்குழுவில் ம.இ.கா.வுக்கு இடம் இருந்தது. தோட்டங்கள் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். அந்த வரலாறு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது, நாற்காலி மட்டும் எதையும் காப்பாற்றவில்லை. இனம் பார்க்காத அரசியல் வேண்டும் என்றால், இந்திய உறுப்பினருக்கு எல்லா இனத்தாரையும் தொடும் இலாகாவைத் தருவதுதான் அதற்கான வழி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கோத்தா கெமுனிங் தொகுதியின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, கூரையிலும் மாடியிலும் சிக்கியவர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினர் எந்த இனம் என்று பார்க்கவில்லை. வடிகாலையும் மீட்புப் படகையும் பற்றித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை வறுமை இலாகாவில் இல்லை.

ஒரு சகோதரர் விட்டுப்போன இடத்துக்கு இன்னொருவர் வந்தது குடும்ப அரசியல் என்ற பேச்சும் உண்டு. கிள்ளானில் சார்ல்ஸ் சந்தியாகோவுக்கு இடம் தராமல் கணபதிராவை நிறுத்தியபோதும் முணுமுணுப்பு எழுந்தது. ஒரே நாற்காலிக்குப் பலர் வரிசையில் நிற்கும்போது யார் உட்கார்ந்தாலும் இது எழும். அடுத்த மாநிலத் தேர்தலுக்குப் பின் புதிய ஆட்சிக்குழுப் பட்டியல் வெளியாகும்போதும் நம் நாளிதழ்கள் வழக்கம்போல் இந்திய உறுப்பினரின் படத்தைப் பெரிதாகப் போடும். சுங்கை வே கோயில் நிர்வாகக் குழுவினர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் இலாகாப் பெயரை முதலில் படிக்கட்டும்.