வளையும் தூண்டில் கோல்: வில்லா, நெம்புகோலா?

நீலகிரி அவலாஞ்சியில் 1907 முதல் டிரவுட் மீன் வளர்ப்பு நடக்கிறது. அந்த மீனைப் பிடிக்க வீசும் தூண்டிலின் முனையில் இருப்பது மிக இலேசான செயற்கை ஈ; அதைச் சுமந்து பாய்வது கனமான நூல். வளைந்த கோல் வில்லைப் போல நிமிர்வதால்தான் நூல் பறக்கிறது என்பார்கள். ஆனால் கையை அசைக்காமல் கோலை வளைத்து விட்டால் நூல் சிறிது தொலைவே போகும். வேகத்தின் பெரும்பங்கு கைவீச்சிலிருந்து வருகிறது. கோல் அதைப் பெருக்கும் நெம்புகோல்.

அப்படியானால் விறைத்த கழியே போதாதா? அதன் முனை வட்டப் பாதையில் சுழன்று நூலைக் கீழே இழுத்துவிடும். வளையும் கோலின் முனையோ ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்லும். கை நின்றதும் கோல் நிமிர்ந்து, தேக்கிய ஆற்றலையும் நூலுக்குக் கொடுக்கும். மாணவர்களே, மெல்லிய மூங்கில் கழியில் கயிறு கட்டி, வளைத்து விட்டும் வீசியும் ஒப்பிட்டுப் பாருங்கள்.